விற்பனைக்கு வீட்டைத் தயார்செய்வது என்றால் என்ன? மந்தமான சந்தையில் அது ஏன் தேவை?

வாங்க வருபவர் தன் கட்டிலையும் பீரோவையும் மனத்தில் போட்டுப் பார்க்கும்படி வீட்டைப் பழுது நீக்கி, வேண்டாத சாமான்களை ஒழித்துக் காட்டுவதுதான் அது. சந்தை மந்தமானால், வேலூரில் அவர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு, காட்பாடியில் இரண்டு பார்த்துவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வருவார்; வேண்டாம் என்று சொல்ல ஒரு குறை போதும். மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் குவிந்த நாளில், சொத்தையைப் பொறுக்கி எறிந்து அடுக்கியவரின் கூடைதானே முதலில் காலியாகிறது?

வேலூரில் வருபவர் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார். பிறகு மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் வெக்கை. ஆகவே காலையிலேயே, ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காட்டுங்கள். உப்புப் பூத்த சுவரில் ஈரக்கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். விரல் பட்டாலே உதிரும், அதோடு நம்பிக்கையும் போய்விடும். பட்டா, வில்லங்கச் சான்று கையில் இருக்கட்டும்.

புதுச் சமையலறை கட்டினால் அந்தச் செலவு அப்படியே விலையில் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முழுப் பணமும் திரும்புவதில்லை.