திமிங்கிலத்துக்கு எத்தனை புடவை?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. விலங்குகளைப் பற்றிய படப் புத்தகங்கள் நிறைய வாங்கிவிட்டேன். கதை எதுவும் இல்லை, எல்லாம் உண்மைத் தகவல்கள். நான் வாசித்தால் இரண்டு வரி கேட்கிறாள். பிறகு பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிடுகிறாள். இவற்றை எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: புரட்டட்டும் அம்மா, தடுக்காதீர்கள். கதையை முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். விலங்குப் புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவள் விரல் எந்தப் படத்தில் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். அன்றைக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் புத்தகம் வாசித்துவருகிறேன். படப் புத்தகத்தில் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது அளவுதான் என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். தவளைக்கும் ஒரு பக்கம், நீலத் திமிங்கிலத்துக்கும் ஒரு பக்கம். ‘நீளம் சுமார் 30 மீட்டர்’ என்று எத்தனை முறை வாசித்தாலும் ஐந்து வயதுக் காதில் அது வெறும் ஓசை. ஒரு ஞாயிறு, பழைய புடவைகள் ஆறை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு புடவை ஐந்தரை மீட்டர். மாடி நடையில் ஒன்றை அடுத்து ஒன்றாக விரித்தோம். மூன்றாவது புடவையிலேயே நடை தீர்ந்துவிட்டது. மீதியைப் படிக்கட்டில் இறக்கி வாசல்வரை கொண்டுபோனோம். ஐந்து புடவை முழுதாக, ஆறாவதில் பாதி. வால் முனையில் ஒரு பையன், தலைப்பக்கம் ஒரு சிறுமி. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. அந்தச் சிறுமி மேலேயிருந்து கத்திக் கேட்டாள்: “பாட்டி, இது எப்படித் திரும்பும்?” அந்தக் கேள்விக்காகவே அடுத்த ஞாயிறும் அதே பக்கத்தைத் திறந்தோம்.

சின்ன உயிர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சிட்டுக்குருவிக்குப் பள்ளி அளவுகோலே போதும், 15 சென்டிமீட்டர்.

புத்தகம் வாங்கும்போது கடையிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். எறும்புப் படத்தைப் பாருங்கள். கால்கள் ஆறு, ஆறும் நடு உடலிலிருந்து புறப்பட வேண்டும். வயிற்றில் கால் ஒட்டியிருந்தால், வரைந்தவர் எறும்பைப் பார்த்து வரையவில்லை. பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் நிற்கும் புத்தகத்தையும் திருப்பி வைத்துவிடுங்கள். பனிக்கரடி வட துருவத்துப் பிராணி, அங்கே பென்குவின் கிடையாது. எல்லாப் பென்குவினும் பனியில் வாழ்வதும் இல்லை. பைகுல்லா உயிரியல் பூங்காவில் இருக்கும் ஹம்போல்ட் பென்குவின்களின் சொந்த ஊர் பெரு, சிலி நாடுகளின் கடற்கரை. ‘பனி எங்கே?’ என்று உங்கள் மகள் அங்கே கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கவனமாக வரைந்த ஓவியத்தை நான் புகைப்படத்துக்கு ஒரு படி மேலாகவே வைப்பேன். புகைப்படத்தில் நிழல் விழுந்து மறைந்துபோகும் அலகையும் நகத்தையும் ஓவியர் தெளிவாகக் காட்டிவிடுவார்.

பெயர்களைத் தமிழில் சொல்லுங்கள், அம்மா. ஆங்கிலப் பெயர் பள்ளியில் வந்துவிடும், மராத்திப் பெயரைத் தோழிகள் தருவார்கள். மீன்கொத்தி, மரங்கொத்தி, பூநாரை எல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். மீன்கொத்தி என்று சொல்லும்போதே அதன் தொழிலும் சேர்ந்து தெரிந்துவிடுகிறதே!

பூநாரைக்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. குளிர்காலத்தில் தாணே கழிமுகத்தில், அலை வடிந்த சேற்றில் கூட்டமாக நிற்கும். புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். அந்த இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருகிறது, குஞ்சு சாம்பல் நிறம்தான் என்று சொல்லுங்கள். அலகு ஏன் நடுவில் வளைந்திருக்கிறது என்று கேட்பாள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். குனிந்து, தலையைத் தலைகீழாக்கி, தன் கால்களுக்கு நடுவே பார்க்கச் சொல்லுங்கள். பூநாரை இரையை அரித்தெடுப்பது அப்படித்தான்.