1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்: ‘எம்எஸ் 65’ என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பம்பாயில் அச்சான 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றைப் புழக்கத்துக்கே வராத நாணயம், ‘எம்எஸ் 65’ தரம் என்று சொல்லி ஒருவர் விற்கிறார். நாணயம் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. மன்னரின் கன்னத்தில் ஒரு கீறல் தெரிகிறது. எப்படி முடிவு செய்வது?

பதில்: நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் தரத்தை அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டு அடையாளங்களுமே 65 என்ற எண்ணுக்கு எதிரானவை. அவற்றுள் எனக்கு அதிக ஐயம் தருவது கீறல் அன்று, அந்த வெண்மைதான்.

அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் அந்நாட்டின் பழைய செப்பு சென்ட் நாணயங்களுக்காக 1949-இல் வகுத்த எழுபது புள்ளி அளவுகோலையே இன்றைய தரச்சான்று நிறுவனங்கள் எல்லா நாட்டு நாணயங்களுக்கும் பயன்படுத்துகின்றன. அதில் 60 முதல் 70 வரையுள்ள எல்லா எண்களும் புழங்காத நாணயங்களுக்கு உரியவை; ‘எம்எஸ்’ (மின்ட் ஸ்டேட்) என்ற முன்னொட்டு குறிப்பது இந்த நிலையைத்தான். ஆகவே தேய்மானம் இல்லை என்று நிறுவிவிட்டால் 60 என்ற வாசலைத் தாண்டியாயிற்று என்பது மட்டுமே பொருள். அங்கிருந்து 65 வரை செல்லும் தொலைவை ஒளிர்வு, அச்சுப் பதிவின் கூர்மை, உரசல் தடங்கள், மொத்தத் தோற்றம் ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

முதலில் தேய்மானத்தைப் பாருங்கள். குழல் விளக்கின் பரவலான வெளிச்சம் இதற்கு உதவாது. அறையை இருட்டாக்கி, ஒற்றைக் குண்டு பல்பின் கீழ் நாணயத்தை விளிம்பில் பிடித்துச் சாய்த்து மெல்லச் சுழற்ற வேண்டும். அச்சின் அழுத்தத்தில் வெள்ளி மையத்திலிருந்து விளிம்பு நோக்கி வழிந்தோடும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகின்றன. இந்த வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான், நாணயத்தைச் சுழற்றும்போது சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுற்றிவருகிறது. சந்தையில் ‘லஸ்டர்’ என்பது இதைத்தான். கிரீடத்தின் மேடான பகுதி, புருவம், காதுக்கு மேலுள்ள முடி, தாடி ஆகிய இடங்களைக் கடக்கும்போது அந்த ஒளிப்பட்டை அறுபட்டு மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால், நாணயம் சில கைகளையாவது கடந்து வந்திருக்கிறது. அதற்கு 58-க்கு மேல் தர இயலாது.

ஆனால் விவரங்கள் மழுங்கியிருப்பதெல்லாம் தேய்மானம் ஆகிவிடாது, குறிப்பாக 1918-இல். முதல் உலகப் போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு முற்றியதால் 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க்குத் தாள் நோட்டே வெளியிட வேண்டியதாயிற்று. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றித் தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கி, பெரும்பகுதியை இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. (அன்றைய ரூபாய்களில் பழைய டாலர்களின் உலோகம் கலந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.) இப்படிப் பெருமளவில் அச்சிடும்போது அச்சுகள் களைத்துப்போவது இயல்பு. முடியிழைகள் மழுங்கியிருந்தும் அவற்றின்மீது ஒளிப்பட்டை அறுபடாமல் ஓடினால், அது பலவீனமான பதிவே அன்றித் தேய்மானம் அன்று. இதைச் சோதிக்க நான் முதலில் நாடுவது மேலங்கியிலுள்ள சிறிய யானையைத்தான். 1911-இல் அது பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டில் திருத்தப்பட்ட அதே யானை. அதன் துதிக்கையும் காதும் தெளிவாக விழுந்திருந்தால் பதிவு நன்று.

அடுத்தது கீறல். நாணயச் சாலையிலிருந்து மூட்டையில் போகும்போதே ரூபாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால், புழங்காத நாணயத்திலும் தடங்கள் இருக்கும். அவை எங்கே விழுந்துள்ளன என்பதுதான் கேள்வி. பின்புறத்துப் பூவேலைப்பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஒரு வெட்டுத்தடம், வெறுமையான கன்னத்தில் விழுந்தால் முதல் பார்வையிலேயே கண்ணை இழுக்கும். உருப்பெருக்கி இல்லாமல், கை நீட்டிய தொலைவில் அது தெரிகிறது என்றால் 65 கிடைப்பது அரிது. மற்றவை சிறப்பாக இருந்தால் 63 என்பேன்.

இனி அந்த வெண்மை. நூறாண்டு கடந்த வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தால் ஓரளவேனும் நிறம் மாறியிருப்பதே இயற்கை. நம் வீடுகளில் பூசைச் சாமான்களோடு பழைய ரூபாயையும் விபூதி போட்டுத் தேய்ப்பதும் புளியில் ஊறவைப்பதும் வழக்கமாதலால், தமிழ்நாட்டுப் பழைய குடும்பங்களிலிருந்து வரும் நாணயங்களை நான் கூடுதல் எச்சரிக்கையோடு பார்ப்பேன். தேய்த்த நாணயம் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே மாதிரி வெளுப்பாக மின்னும், ஆரக்கால் ஒளி சுழலாது. ஐந்து மடங்கு பெருக்கும் லென்ஸில், எழுத்துகளுக்கு இடையிலுள்ள சமதளத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரியும். இத்தகைய நாணயத்துக்குச் சான்று நிறுவனங்கள் எண்ணே தருவதில்லை. ‘டீட்டெயில்ஸ்’ என்று எழுதிக் காரணத்தையும் குறித்துவிடும். விளிம்பையும் ஒரு சுற்றுப் பாருங்கள்: காசுமாலைக்காக வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு, வரிப்பள்ளங்கள் மழுங்கிய இடத்தில் காட்டிக்கொடுக்கும்.

எடை 11.66 கிராம், விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர் என்பதையும், பின்புறம் கீழேயுள்ள தாமரைக்கு அடியில் பம்பாய்க்குரிய புள்ளி இருக்கிறதா என்பதையும் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை.

1918 எளிதில் கிடைக்கும் ஆண்டு என்பதால், 63-க்கும் 65-க்கும் விலையில் பெரிய வேறுபாடு இருந்தாலும், குறைந்த தரத்துக்குச் சான்றுக் கட்டணம் செலவிடுவது வீண். விற்பவரிடம் ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும் காணொளியைக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால், சுத்தம் செய்யப்பட்ட ரூபாய்க்குரிய விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், பிவிசி உறையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் பச்சைப் பிசுக்கு வெள்ளியை அரிக்கும்.