பல் எடுத்த மூன்றாம் நாள் உயிர்போகும் வலி ஏன்?

கேள்வி: என் வயது 34. கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல் பாதி முளைத்து, அடிக்கடி ஈறு வீங்கிக்கொண்டே இருந்தது. போன புதன்கிழமை அதை எடுத்தார்கள். வேர் வளைந்திருந்ததால் முக்கால் மணி நேரம் ஆனது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தாங்கக்கூடிய வலிதான். சனிக்கிழமை மாலை ஆரம்பித்தது வினை. தாடையிலிருந்து காது, நெற்றிப்பொட்டு வரை தெறிக்கிறது. வாயில் நாற்றம், ஒரு கசப்பு. காய்ச்சல் இல்லை, கன்னத்து வீக்கம் குறைந்துவிட்டது. டாக்டர் கொடுத்த அசிக்ளோஃபினாக்-பாராசிட்டமால் மாத்திரை காலை, இரவு போடுகிறேன். அடங்காததால் 650 பாராசிட்டமால் ஒரு நாளைக்கு நான்கு போட்டேன். நேற்று மருந்துக்கடையில் கேட்டு காம்பிஃப்ளாம் இரண்டு சேர்த்துப் போட்டும் விடிய விடியத் தூக்கமில்லை. பல் எடுத்த அன்று மாலையிலிருந்தே சுடுநீரில் உப்புப் போட்டு நன்றாகக் கொப்பளித்து வருகிறேன். கிராம்பைப் பொடித்துக் குழியில் அடைக்கச் சொல்கிறார் மாமியார். வேர் உள்ளே ஒடிந்து நின்றுவிட்டதா? ஆன்டிபயாடிக்கை மாற்ற வேண்டுமா? இடது பக்க ஞானப்பல்லையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நினைத்தாலே நடுங்குகிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் வலி பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனாலும் விரிவாகவே எழுதுகிறோம். இதே வலியோடு இன்று இரவு யாராவது மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பல் எடுத்த வலிக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. மரத்துப்போகும் ஊசியின் வேகம் இறங்கிய முதல் சில மணி நேரம்தான் உச்சம். அன்று இரவு வலிக்கும், மறுநாள் குறையும். வீக்கம் மட்டும் இரண்டாம், மூன்றாம் நாள் வரை ஏறி, பிறகு வடியும். வலி இதற்கு நேர்மாறாக, இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்பி, காதுக்கு ஏறி, வாயும் நாறினால் அதற்குப் பெயர் ட்ரை சாக்கெட். தமிழில் உலர்குழி எனலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி அதற்குப் பொருந்துகிறது.

பல் வெளியே வந்ததும் அந்தக் குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. பார்க்க அசிங்கமாக, கறுப்பாக இருக்கும் அந்த ரத்தக்கட்டிதான் எலும்புக்குப் போர்வை. அதன் மேல்தான் புதுத் திசு வளர்ந்து குழி மூட வேண்டும். அது கழன்று போனாலோ, உரிய நாளுக்கு முன்பே கரைந்து போனாலோ, நரம்பு நுனிகள் நிறைந்த தாடை எலும்பு அம்மணமாக நிற்கும். காற்று, எச்சில், சோற்றுப் பருக்கை எது பட்டாலும் சுரீர் என்கிறது அதனால்தான். நாற்றத்துக்கும் கசப்புக்கும் காரணம் வெறுங்குழியில் தேங்கும் உணவும் கிருமியும். காதில் ஒன்றுமில்லை. கீழ்த்தாடைக்கும் காதோரத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. காதுக்குச் சொட்டு மருந்து விட வேண்டாம்.

யாருக்கு வரும்? எல்லாப் பற்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை. கீழ் ஞானப்பல்லுக்கு அதைவிடப் பல மடங்கு அதிகம், ஏனென்றால் அங்கே எலும்பு கெட்டி, ரத்த ஓட்டம் குறைவு. எடுக்க நேரம் பிடித்த பல், முன்பே ஈறு சீழ்பிடித்து வீங்கிய இடம், புகைபிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் என்று பட்டியல் நீளும். அந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டியை முன்கூட்டியே கரைத்துவிடுகிறது. முதல் இரண்டு காரணமும் உங்களுக்குப் பொருந்துகின்றன. முதல் நாள் மாலையே கொப்பளித்ததும் ஒரு காரணமாகியிருக்கலாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, எச்சிலைக்கூடக் காறித் துப்பக் கூடாது. இதை வாயால் சொல்லி அனுப்பாமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. பாதி வாய் மரத்து, பஞ்சைக் கடித்தபடி வெளியே வருபவருக்குக் காதில் விழுவது பாதிதான். அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் இது வருகிறது. டாக்டரின் தவறு என்று முடிவுகட்டவும் இது போதாது.

இப்போது மாத்திரைக் கணக்கு. உங்கள் கடிதத்திலேயே அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். நேற்று ஒரு நாளில் என்னென்ன உள்ளே போயிருக்கிறது பாருங்கள். அசிக்ளோஃபினாக் கூட்டு மாத்திரை ஒன்றில் பொதுவாக 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும், இரண்டுக்கு 650. தனியாக 650 மாத்திரை நான்கு, 2,600. காம்பிஃப்ளாம் இரண்டில் மறுபடி 650. ஆக மொத்தம் 3,900 மில்லிகிராம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4,000. எடை 50 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தாலோ அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். போதாக்குறைக்கு அசிக்ளோஃபினாக்கும் காம்பிஃப்ளாமில் உள்ள இபுப்ரோஃபெனும் ஒரே வகை மருந்துகள். இரண்டையும் சேர்த்தால் வலி கூடுதலாகக் குறையாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சுமையும்தான் கூடும். அட்டையின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள்.

சரி, எப்படிப் போடுவது? ஒவ்வொரு வகையிலும் ஒன்று போதும். இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500-ம் சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை. பல்வலிக்குப் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையே நன்றாக வேலை செய்கிறது. நடுஇரவில் எழுப்பினால் பாராசிட்டமால் 500 மட்டும் ஒன்று. டாக்டர் கொடுத்த அசிக்ளோஃபினாக்கைத் தொடர்வதாக இருந்தால் இபுப்ரோஃபென் பக்கமே போக வேண்டாம். வலி வந்தபின் தேடாமல் மணிக்கணக்கு வைத்துப் போடுங்கள். உச்சத்துக்குப் போன வலியை இறக்குவது கடினம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு, கர்ப்பம், டெங்கு சந்தேகம் என இவற்றில் எது இருந்தாலும் பாராசிட்டமாலைத் தவிர வேறெதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கீட்டோரோலாக் 10 மாத்திரை சட்டென்று கேட்கும் என்பதால் கடையில் எளிதாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் அதே வகைதான், அதிலும் கடுமையானது. ஐந்து நாளைத் தாண்டக் கூடாது, மற்ற வலி மாத்திரையோடு சேரவும் கூடாது.

இவ்வளவு சொன்னாலும் உலர்குழி வலி மாத்திரைக்கு முழுதாக மசியாது. அதற்கு வைத்தியம் குழிக்குள்தான். பல் எடுத்தவரிடமே திரும்பப் போங்கள். முன்பதிவு இல்லை என்றாலும் 'மூன்றாம் நாளிலிருந்து காதுவரை வலி' என்று சொன்னால் புரிந்துகொண்டு இடையில் அழைத்துக்கொள்வார்கள். அவர் ஊரில் இல்லையென்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம்.

அங்கே நடப்பது எளிய வேலை. முதலில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். வேர் ஒடிந்து நிற்கிறதா என்ற உங்கள் சந்தேகமும் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு வெதுவெதுப்பான உப்புநீரைச் சிரிஞ்சில் எடுத்துக் குழியைக் கழுவுவார்கள். அந்த ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வேண்டுமென்றால் மரத்துப்போகும் ஊசி கேளுங்கள். அதன்பின் யூஜினால் என்ற மருந்து கலந்த துணியையோ, பழுப்பு நிறத்தில் நார்நாராக இருக்கும் பசையையோ குழிக்குள் வைப்பார்கள். கிராம்பு வாடையும், அயோடின் உள்ள கிருமிநாசினியான அயோடோஃபார்மின் நெடியும் கலந்து அடிக்கும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து உள்ளே போன அரை மணியில் பலருக்கும் ஆச்சரியப்படும் அளவு வலி இறங்கிவிடும். துணி வைத்திருந்தால் ஓரிரு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை ஆகலாம். வலி போய்விட்டது என்று கடைசித் துணியை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே கிடக்கும் துணி குழியை மூட விடாது. பசையாக இருந்தால் தானே கழன்றுவிடும். 'சுரண்டி மறுபடி ரத்தம் வர வைக்கிறேன்' என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அது பழைய முறை; வெறும் எலும்பை இன்னும் புண்ணாக்கும்.

ஆன்டிபயாடிக்கை மாற்ற வேண்டியதில்லை. உலர்குழியில் வலிப்பது சீழ் அல்ல, திறந்து கிடக்கும் எலும்பு. எந்த ஆன்டிபயாடிக்கும் அதை மூடாது. ஏற்கெனவே கொடுத்திருப்பதைச் சொன்ன நாள் வரை முடியுங்கள், அவ்வளவுதான்.

கிராம்பு விஷயத்தில் உங்கள் மாமியார் பாதி சரி. டாக்டர் வைக்கும் மருந்தில் இருக்கும் யூஜினால் கிராம்பின் சத்துதான். ஆனால் பொடியைத் திணித்தால் துகள் குழிக்குள் தங்கி அழுகும். கிராம்பு எண்ணெயை நேராகச் சொட்டினால் ஈறு வெந்துவிடும். இரவைக் கடத்தியே ஆக வேண்டும் என்றால் சுத்தமான காஸ் துணியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, குழியின் வாயில் மேலாக வைத்துப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஆஸ்பிரினை ஈறில் வைப்பது, மஞ்சளைக் குழைத்து அடைப்பது, புகையிலையை ஒதுக்கிக்கொள்வது எதுவும் வேண்டாம்.

இனி கொப்பளிப்பதைப் பற்றி. ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி, கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. சுடுநீர் கூடாது. வாயில் வாங்கி, தலையை வலப்பக்கம் சாய்த்து அரை நிமிடம் வையுங்கள். களகளவென்று குலுக்க வேண்டாம். துப்பாமல் தொட்டிக்கு மேல் குனிந்து வாயைத் திறந்தால் தானே விழும். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் செய்யலாம். குழிக்குள் வைத்த மருந்தை எல்லாம் வெளியே எடுத்தபின் குழி வெறுமையாக இருக்கும் நாட்களில், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் இதே நீரை எடுத்து மெதுவாகப் பாய்ச்சுங்கள். நுனி வளைந்த சிரிஞ்ச் பல் மருத்துவமனையில் கிடைத்தால் இன்னும் வசதி. குழி அடியிலிருந்து நிரம்பி வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இதைத் தொடர வேண்டும்.

சாப்பாட்டில் காரத்தைவிடத் துணுக்குதான் எதிரி. தாளித்த கடுகு, எள், ரவை, மிக்ஸர் எல்லாம் குழியைத் தேடிப் போய் உட்காரும். குழைந்த ரசம் சாதம், இட்லி, கஞ்சி, தாளிக்காத மோர் சாதம் போதும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஐஸ் ஒத்தடம் முதல் ஓரிரு நாளோடு சரி. நான்காம் நாளில் பயனில்லை. தலையை இரண்டு தலையணையில் உயர்த்திப் படுத்தால் இரவுத் துடிப்பு கொஞ்சம் குறையும்.

எல்லா வலியும் உலர்குழி அல்ல. மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் ஏறுகிறது, காய்ச்சல் வருகிறது, சீழ் வடிகிறது என்றால் அது தொற்று; அன்றே போக வேண்டும். நாக்கின் அடி தூக்கிக்கொண்டு கழுத்து கெட்டியாக வீங்கினால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால் பல் மருத்துவமனைக்கு அல்ல, 108-ஐ அழைத்து நேராகப் பெரிய மருத்துவமனைக்கு. உதடோ தாடையோ மறுநாளும் மரத்தே இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். மேல் கடைவாய்ப்பல் எடுத்தபின் குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் சைனஸில் துளை விழுந்திருக்கலாம். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசி போட்டவர்கள் எலும்பு தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. புகையிலை போடுகிறவருக்கு மூன்று வாரமாகியும் ஆறாத குழி இருந்தால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். (மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் காதில் வாங்காதீர்கள்.)

இடது பக்கப் பல்லுக்கு வருவோம். ஒரு முறை உலர்குழி வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. அதனால் எடுக்காமலே விடலாம் என்று ஆகாது. அந்த ஈறும் அடிக்கடி வீங்குகிறதா, பக்கத்துப் பல்லை அரிக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். வீங்காமல் அமைதியாக இருக்கிற நாளில் எடுங்கள். வலப்பக்கம் முழுதாக ஆறிய பிறகு போதும். போன தடவை நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷைப் பல் எடுப்பதற்கு முன்பும், 24 மணி நேரம் கழித்து ஒரு வாரமும் பயன்படுத்தினால் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது. அதே மருந்தின் ஜெல்லைக் குழியில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் மாத்திரை இல்லாத அந்த ஒரு வாரத்தில் நாள் குறியுங்கள். பஞ்சை 45 நிமிடம் அசையாமல் கடித்திருங்கள், எடுத்துப் பார்க்காதீர்கள். அன்று மாலை யார் என்ன சொன்னாலும் உப்புத் தண்ணீர் வேண்டாம்.