பழைய ஸ்டீரியோ ரிசீவரில் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது, இடப்பக்க ஸ்பீக்கர் அவ்வப்போது நின்றுவிடுகிறது. குமிழின் உள்பாகத்தைப் புதிதாக மாற்றிவிடலாமா?

மாற்ற அவசரப்படாதீர்கள். அதிலும் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் எங்கள் வீட்டில் பட்டு அறிந்தவை.

எங்கள் வீடு சோமனூர் பக்கம், தறிக்குடோனை ஒட்டியது. 1981-இல் சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ரிசீவர் ஒன்று முன்னறையில் இருக்கிறது. தறிச் சத்தத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதால் வால்யூம் எப்போதும் பாதிக்கு மேல்தான். குமிழ் கரகரத்தபோதெல்லாம் எங்கள் அப்பாரு கதவுக் கீலுக்கு விடுவதைப் போல ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார். இரண்டு நாள் சத்தம் அடங்கும். ஆனால் மார்கழிக் காலையில் குமிழ் அசையாது. வெயில் ஏறிய பிறகு தானாக இளகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பது, செட்டைத் திறந்து பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. உள்ளே எண்ணெயில் பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு மாதிரி அப்பிக் கிடந்தது. பல்லடத்தில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "யார் கண்ணு எண்ணெய் விட்டது?" என்றுதான் முதலில் கேட்டார்.

குமிழுக்குப் பின்னால் இருப்பது எளிய பொருள்தான். லாடம் போல வளைந்த கரித்தடம் ஒன்று. அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் உலோக விரல் ஒன்று. ஸ்டீரியோ என்பதால் இப்படி இரண்டு ஒரே தண்டில் அடுக்கியிருக்கும். விரலுக்கும் தடத்துக்கும் இடையே அழுக்குப் புகுந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும்; அதுதான் கரகரப்பு. ஒரு அடுக்கில் மட்டும் அழுக்கு மிகுந்தால் ஒரு பக்கம் மட்டும் நிற்கும்.

ஆனால் உங்கள் இடப்பக்கம் நிற்பதற்குக் குமிழ்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டேப் மானிட்டர் (டேப்பில் இருப்பதைக் கேட்பதற்கு), மோடு (ஸ்டீரியோ, மோனோ மாற்றுவதற்கு) சுவிட்சுகளை இருபது தடவை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். தட்டும்போது ஒலி வந்து வந்து போனால் குற்றம் அங்கேதான். குறைந்த ஒலியில் மங்கி, கூட்டியதும் படக்கென்று முழுதாக வந்துவிடுகிறது என்றால் ஸ்பீக்கருக்கு ஒலியை இணைத்துத் துண்டிக்கும் உள் சுவிட்சான ஸ்பீக்கர் ரிலேயைச் சந்தேகியுங்கள். குமிழைத் தொடாமல் சும்மா இருக்கும்போதே கரகரத்தால் டிரான்சிஸ்டரோ விரிசல் விட்ட ஈயப் பற்றோ காரணமாக இருக்கலாம்.

குமிழ்தான் என்று தெரிந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மல்டிமீட்டரால் வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். முதலில் ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சையெல்லாம் கூட்டி எடுங்கள். பிறகு எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர், அதிலும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகை. துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம்; அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் மறுபடியும் பஞ்சைத்தான் சேர்க்கும். குமிழின் உள்பாகத்திலிருந்து கம்பி பற்றவைக்கும் உலோகக் கால்கள் வெளியே வரும் இடத்தில் சிறிய இடுக்கு தெரியும். அதில் மெல்லிய குழலை வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பீய்ச்சு, அவ்வளவுதான். உடனே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாற்பது தடவை திருப்புங்கள். இன்னொரு முறை அப்படியே செய்து, இரவு முழுதும் காய விடுங்கள்.

இங்கே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தில் தண்டின் மேலேயே அரை டப்பாவை அடித்துத் தீர்த்தேன். எண்ணெயோடு சேர்த்து, தண்டுக்குத் தொழிற்சாலையில் வைத்திருந்த கெட்டி கிரீஸும் கரைந்து வழிந்துவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நிதானமாகத் திரும்பிய குமிழ், இப்போது குழந்தைகளின் பொம்மைச் சக்கரம் மாதிரி லொடலொடவென்று சுழல்கிறது. கரகரப்பு போய்விட்டது, அந்தக் கனம் திரும்பவில்லை.

சுத்தம் செய்து ஒரு வாரத்தில் மீண்டும் கரகரத்தால் அழுக்கைக் குறை சொல்லாதீர்கள். செட்டை ஓடவிட்டு, குமிழுக்குச் சிக்னல் வந்து நுழையும் காலில் டி.சி. (திசை மாறாத மின்சாரம்) இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் நின்றால் அதற்கு முந்தைய கெப்பாசிட்டர் கசிகிறது. அதை மாற்றாமல் எத்தனை டப்பா அடித்தாலும் வீண்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை, தடமே தேய்ந்து கரி உதிர்ந்துபோனால்தான். அப்போதும் கண்ணில் பட்டதை வாங்காதீர்கள். ஜப்பான் செட்டுகளில் குமிழின் உள்பாகத்தின் மேல் 'ஏ' என்று அச்சிட்டிருந்தால் அது நம் காதுக்கு ஏற்ற வளைவில் செய்தது. பாதிவரை திருப்பினாலும் மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் ஏறும். கடைக்காரர் தரும், ஒரே சீராக ஏறும் 'பி' வகையைப் போட்டால் லேசாகத் தொட்டதுமே வீடு அதிரும். குறைந்த ஒலியிலும் அடித்தொனியைத் தூக்கிக் காட்டும் லவுட்னஸ் பொத்தான் உள்ள செட்டானால் ஒரு பக்கத்துக்கு மூன்று கால்களுக்குப் பதில் நான்கு கால்கள் இருக்கலாம். அந்த வகை கிடைப்பது அரிது. பழைய செட் ஒன்றை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் செட்டில் மிகக் குறைந்த ஒலியில் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். இரண்டு தடங்களும் அச்சாக ஒன்றுபோல இருப்பதில்லை. பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் ஒரு நூல் தள்ளி வைத்திருக்கிறேன்.