மார்ச் வந்தால் பாஸ்டனில் எல்லோரும் பேசும் அந்தக் குழு

தம்பி, பாஸ்டனை ஒட்டிய குவின்ஸியில் குடியேறியிருக்கிறீர்கள். ஆபீஸில் எல்லோரும் டிராப்கிக் மர்ஃபீஸ் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள், அது என்ன குழு, நம்மவர்கள் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். கட்டாயம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

அவர்கள் இப்போது நீங்கள் இருக்கும் ஊர்க்காரர்கள்தான். 1996-ல் குவின்ஸியில், நண்பர் ஒருவரின் முடிவெட்டும் கடைக்குக் கீழே இருந்த அறையில் வாசித்துப் பழகித் தொடங்கினார்கள். ஆக்டனில் குடியை நிறுத்த வருகிறவர்களுக்கு விடுதி நடத்திய முன்னாள் மல்யுத்த வீரர் ஒருவரின் பட்டப்பெயரைக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டார் வாசித்துத் தொடங்கிய கென் கேஸி அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறார்.

1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறியவர்களில் ஏராளமானவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். மூட்டை தூக்கினார்கள், சாலை போட்டார்கள், வேலை கேட்டுப் போன இடத்தில் அவமானப்பட்டார்கள். அவர்கள் வழிவந்த இந்தக் குழுவினர் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். தாத்தா காலத்துப் பாட்டை எடுத்து, துருத்தி வைத்த அக்கார்டியனையும் பை ஊதி வாசிக்கும் பேக்பைப்பையும் சேர்த்து, பங்க் வேகத்தில் அடித்தார்கள். லண்டனில் போக்ஸ் குழு 1980-களிலேயே இதைச் செய்து காட்டியது. பாஸ்டன்காரர்கள் அதில் தொழிற்சங்கத்தையும் தங்கள் தெருவையும் சேர்த்தார்கள். எனக்கு இவர்கள் மேல் மதிப்பு வந்ததே அதனால்தான்.

முதல் ஆல்பம் 1998-ல் ஹெல்கேட் நிறுவனத்தில் வந்தது. அதே வருடம் பாடகர் மைக் மெக்கால்கன் தீயணைப்பு வீரராக வேண்டும் என்று விலகிவிட்டார். அவர் இடத்துக்கு அல் பார் வந்தார். 2004-ல் பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் ரசிகர்களின் நூறாண்டுப் பழைய பாட்டான ‘டெஸ்ஸி’யைப் புதிதாகப் பாடினார்கள். 86 வருடமாக அணியின் கைக்கு வராத கோப்பை அந்த வருடமே வந்தது! இந்த ஊர்க்காரர்கள் அதை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு அதற்கடுத்த வருடம் வந்தது. ‘ஐம் ஷிப்பிங் அப் டு பாஸ்டன்’. வரிகள் 1967-ல் மறைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி எழுதியவை. அவருடைய மகள் நோரா, அப்பாவின் காகிதக் கட்டுகளை இவர்களுக்குத் திறந்துவிட்டார். காலை இழந்த மாலுமி மரக்கால் தேடி பாஸ்டனுக்குக் கப்பலேறுகிறான், கதை அவ்வளவுதான். இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 2006-ல் ‘தி டிபார்ட்டட்’ படத்தில் சேர்த்ததும் எங்கேயோ போய்விட்டது. இன்றும் மைதானத்தில் அந்த இசை தொடங்கினால் கூட்டமே எழுந்துவிடும்.

சரி, கச்சேரிக்கு வருவோம். மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டி வருடாவருடம் நடக்கும். டிக்கெட்டைச் சீக்கிரம் எடுங்கள். காதுக்கு அடைப்பான் வேண்டும், சத்தம் அப்படி. மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்து ஆடுவார்கள், முதல் தடவை ஓரமாக நில்லுங்கள். யாராவது தடுக்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்துவதைப் பார்ப்பீர்கள். பச்சைத் தொப்பி போட்ட பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள், குடும்பத்தோடு போகத் தயங்க வேண்டாம். கடைசிப் பாட்டுகளின்போது ரசிகர்கள் மேடை ஏறிச் சேர்ந்து பாடுவது அவர்கள் வழக்கம். குவின்ஸிக்குத் திரும்பி வர ரெட் லைன் மெட்ரோ ரயில் இருக்கிறது, அன்றைக்குக் கார் எடுத்தால் நிறுத்த இடம் கிடைக்காது.