ஓரத்தில் நிற்கும் பையன்

கேள்வி: 2022 கோடையில் குடும்பத்தோடு நியூ ஹேவனில் உள்ள யேல் பிரிட்டிஷ் கலை மையத்துக்குப் போயிருந்தோம். யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த எலிஹு யேல் தன் குடும்பத்தாரோடு இருக்கும் பழைய ஓவியத்தில், ஒரு கறுப்பினச் சிறுவன் கழுத்தில் வெள்ளிப் பட்டையும் பூட்டுமாக நிற்கிறான். "அவனுக்கு ஏன் பூட்டு?" என்று என் ஒன்பது வயது மகள் கேட்டாள். என் கணவர் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். இந்தப் படங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. மாட்டித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்றுவரை வாக்குவாதம் ஓயவில்லை. மகளுக்கு என்ன சொல்வது?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பூட்டைப் பார்த்து அவர் பதறியிருக்கிறார். பதறாமல் கடந்துபோனவர்கள்தான் எத்தனையோ பேர்!

இன்னொன்று, அவர் கேட்பதை அந்த அருங்காட்சியகமே ஒருமுறை செய்திருக்கிறது. 2020 அக்டோபரில் ஓவியத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் டைட்டஸ் கஃபார் என்ற கறுப்பின ஓவியரின் படத்தை மாட்டினார்கள். அதில் பெரிய மனிதர்கள் எல்லாம் கசங்கிப்போன துணிக்குள் மறைந்துவிடுகிறார்கள். பையன் முகம் மட்டும் தங்கச் சட்டத்துக்குள், கழுத்துப் பட்டை இல்லாமல், நம்மை நேராகப் பார்க்கிறது.

அந்த இடைவெளியில் ஆய்வாளர்கள் பழைய ஓவியத்தை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். குழந்தை மருத்துவர்களைக்கூடக் கேட்டு, பையனுக்கு ஏறக்குறைய பத்து வயது இருக்கும் என்று கணித்தார்கள். கிட்டத்தட்ட உங்கள் மகள் வயது. பெயர் மட்டும் கிடைக்கவில்லை. 2021இல் ஓவியம் திரும்ப வந்தபோது, அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை என்று தலைப்பிலேயே அவனைக் குறிப்பிட்டார்கள். கழற்றி வைத்ததால் அல்ல, உற்றுப் பார்த்ததால் கிடைத்த மாற்றம் இது. அதனால் நான் உங்கள் பக்கம்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸில் ஒரு படம் இருந்தது. 1837 வாக்கில் வரைந்தது. ஃப்ரே குடும்பத்தின் மூன்று குழந்தைகளுக்குப் பின்னால், அந்த வீட்டில் அடிமையாக இருந்த பெலிசேர் என்ற பதினைந்து வயதுப் பையன் நிற்கிறான். பிற்காலத்தில் யாரோ அவன்மேல் சாயம் பூசி, வெறும் வானமும் மரமுமாக ஆக்கிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அவன் அப்படியே புதைந்து கிடந்தான். சாயத்தை நீக்கிய பிறகு, 2023இல் நியூ யார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்று அந்த ஓவியத்தின் பெயரே அவன் பெயரில்தான் தொடங்குகிறது. அந்தச் சாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் மாட்டினால் மட்டும் போதாது, அம்மா. பக்கத்தில் எழுதும் வாசகம் அந்தப் பையனிடமிருந்து தொடங்க வேண்டும். பட்டும் மதுக்கோப்பையும் யாருடையவை என்பதெல்லாம் அப்புறம். முன்னோர் அடிமைகளாக இருந்த ஒருவர் எதிர்பாராமல் அந்தப் பூட்டின் முன்னால் போய் நிற்காதபடி, முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

சரி, மகளிடம். "அவனை ஒரு பொருளைப் போல வைத்திருந்தார்கள். ஓடிப்போகாமல் இருக்கவும், அவன் தங்களுக்குச் சொந்தம் என்று காட்டவும் பூட்டினார்கள். அது பெரிய அநியாயம்" என்று நேராகச் சொல்லுங்கள். பின்னால் அதே வயதுக் குழந்தைகள் விளையாடுவதையும் காட்டுங்கள். மீதியை அவளே கேட்பாள்.

யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்ததையும் மறைக்க வேண்டாம். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று அவர் காலத்துக் கோட்டை நிர்வாகம் உத்தரவு போட்டது. 1688இல் அதே நிர்வாகம்தான் அந்த வியாபாரத்தைத் தடையும் செய்தது. இரண்டையும் சொல்லுங்கள். அதற்காகப் படத்தில் இருப்பவன் நம் ஊர்ப் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

அடுத்த முறை சென்னைக்கு வரும்போது கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். 1680இல் யேலுக்குத் திருமணம் நடந்த இடம் அது. உங்கள் கணவரும் கட்டாயம் கூட வரட்டும்.