பயிற்சி கொடுத்தும் அரசுத் துறைகள் தேறாதது ஏன்? எத்தியோப்பியா செய்தது என்ன?

ஆப்பிரிக்க நாடுகளில் இத்தனை பயிற்சி முகாம்கள் நடத்தியும் அரசுத் துறைகள் ஏன் தேறவில்லை, எங்காவது தேறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறியிருக்கிறது. எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தைப் பாருங்கள். பணியிடத்தையும் சம்பளத்தையும் உறுதிசெய்துவிட்டுத்தான் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். பல நாடுகள் கோட்டைவிடுவது இந்த வரிசையில்தான்.

கெபலே என்பது அங்கே கடைசி நிர்வாக அலகு. சுமார் 5,000 பேர் இருப்பார்கள். கெபலேவுக்கு இரண்டு பெண் சுகாதாரப் பணியாளர்கள், பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்க்காரர்கள். ஓராண்டுப் பயிற்சி, பிறகு அரசுச் சம்பளம். 2010 வாக்கில் 30,000க்கும் மேற்பட்டோர் பணியில் இருந்தார்கள். இவர்கள் வேலை செய்யும் கிராமச் சுகாதார நிலையங்கள் ஐந்துக்கு, மேலே ஒரு சுகாதார மையம் பொறுப்பு.

அவர்களுடைய பதிவு முறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு கோப்பு, அதற்குள் தாய்க்கும் குழந்தைக்கும் தனித்தனி அட்டை. பக்கத்தில் ஒரு பெட்டி, மாதத்துக்கு ஒன்றாக 12 அறைகள். குழந்தைக்கு அடுத்த ஊசி மார்ச் வாக்கில் வரும் மெகபித் மாதத்தில் என்றால், அட்டை அந்த அறைக்குப் போகும். ஊசி போட்டதும் அடுத்த தவணைக்கான அறைக்கு மாறும். மாதக் கடைசியில் அறையில் எந்த அட்டை மிஞ்சுகிறதோ, அந்த வீட்டுக்குத் தேடிப் போக வேண்டும். கணினியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 166, 2016இல் 67. இதில் கொசுவலை, புதிய தடுப்பூசிகளின் பங்கும் உண்டு.

பிரசவத்தில் சறுக்கினார்கள். பயிற்சி பெற்றவர் கவனிப்பில் நடந்த பிரசவம் 2005இல் 6 சதவீதம், 2011இல் 10 சதவீதம்தான். பயிற்சியில் பிரசவம் பார்த்துக் கைபழகும் வாய்ப்பு மிகக் குறைவு. கிராம நிலையங்கள் பலவற்றில் தண்ணீர்கூட இல்லை. தாய்மார்கள் எப்படி நம்பி வருவார்கள்? பிறகு அந்த வேலையைச் சுகாதார மையத்தின் மருத்துவச்சிகளிடம் விட்டு, வட்டத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள். 2016இல் 28 சதவீதம் ஆனது. பதவி உயர்வுக்கும் தொடக்கத்தில் வழி வைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே படியில் நின்றவர்கள் சோர்ந்துபோனார்கள்.

யாராவது இதைப் பின்பற்ற நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சம்பளம் அரசு பட்ஜெட்டில் இருந்ததால் கொடையாளர்கள் மாறினாலும் ஆள் பலம் நின்றது. மருந்தும் தடுப்பூசியும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடையில் வந்தவை. இருப்பு அடிக்கடி தீர்ந்தது. மருந்தில்லாமல் திரும்பிய தாய் மறுமுறை அந்த நிலையத்துக்கு வரத் தயங்குவாள்.